சிவப்பு வெளிச்சத்தில் மறையும் பிரேக் லைட்

தீயணைப்பு வண்டிக்கு விளக்கு ரீகால் (குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் விடும் அழைப்பு) என்றதும் பலரும் கூரைமேல் மின்னுகிற சிவப்பு, நீல விளக்குகளைத்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் வெளிவிளக்குகளுக்கான கூட்டரசுத் தரத்தின் எண் 108. (நம்மூரில் 108 ஆம்புலன்ஸின் எண், ஆம்புலன்ஸ் பட்டறையில் வேலை செய்யும் தமிழருக்கு இது மறக்கவே மறக்காது.) அந்தத் தரம் கேட்பது சாதாரண விளக்குகளைத்தான்: பிரேக் லைட், இண்டிகேட்டர், பக்கவாட்டு மார்க்கர் (வண்டியின் ஓரத்தைக் காட்டும் சிறு விளக்கு), ரிவர்ஸ் லைட். வண்டி 80 அங்குல அகலத்தை எட்டினால் மேலே முன்பக்கம் மூன்று மஞ்சளும் பின்பக்கம் மூன்று சிவப்புமாக அடையாள விளக்குகள் வேண்டும். நீளம் 30 அடியை எட்டினால் பக்கவாட்டின் நடுவிலும் ஒரு மார்க்கர் வேண்டும். எச்சரிக்கை விளக்குகளின் பிரகாசமும் இடமும் என்எஃப்பிஏ (அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) தரத்திலும் மாநிலச் சட்டங்களிலும் வருகின்றன. 108 அவற்றைப் பற்றி முக்கியமாகச் சொல்வது ஒன்று: கூடுதலாகப் பொருத்தும் எந்த விளக்கும், கட்டாய விளக்குகளின் வேலையைக் கெடுக்கக் கூடாது.

நடைமுறையில் கெடுவது இந்த இடத்தில்தான். பின்னால் பத்து விளக்குகள் மின்னும்போது ஒரு பிரேக் லைட் எரியவில்லை என்பது யார் கண்ணிலும் படாது. நிலையத்தில் இருப்பவர்கள் கவனிக்க மாட்டார்கள். இரவில் பின்னால் வரும் ஓட்டுநருக்கோ கண் கூசும் வெளிச்சம் மட்டும் தெரியும். வண்டி நிற்கப்போகிறதா, திரும்பப்போகிறதா என்பது தெரியாது. அவசர வண்டியைக் கண்டால் விலகிப் போகச் சொல்லும் சட்டம் இப்போது 50 மாநிலங்களிலும் உண்டு. எந்தப் பக்கம் விலகுவது என்று அந்த ஓட்டுநர் தெரிந்துகொள்ள உதவுவது இண்டிகேட்டர்தான்.

தயாரிப்பாளரின் ரீகால் கடிதம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ரீகால் எண். முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு. அடுத்து 'வி' என்றால் வண்டி தயாரிப்பாளரின் ரீகால், 'இ' என்றால் விளக்கு போன்ற தனி உபகரணத்துடையது. குறை உறுதியானால் ஐந்து வேலை நாட்களுக்குள் தயாரிப்பாளர் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்ஸாவுக்கு அறிக்கை தர வேண்டும். 60 நாட்களுக்குள் உரிமையாளருக்குக் கடிதம் போக வேண்டும். அந்த நேரத்தில் மாற்றுப் பாகம் தயாராக இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் முதல் கடிதம் பல சமயம் வெறும் அறிவிப்புதான். பாகம் வந்தபின் இரண்டாவது கடிதம் வரும். அதைப் பழைய கடிதத்தின் நகல் என்று நினைத்து ஓரம் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொரு பொறி, இணையத்தில் வண்டியின் தனி அடையாளமான 17 எழுத்து வின் எண்ணைப் போட்டுத் தேடுவது. கார்களுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் பல சமயம் சேஸி (எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) ஒருவர், பாடி இன்னொருவர் என்று இரண்டு கைகளில் உருவாகிறவை. குறைந்த எண்ணிக்கையில் சிறப்பு வண்டி கட்டும் நிறுவனங்களின் ரீகால்கள் அந்தத் தேடலில் வராமல் போகலாம். 'நிலுவை எதுவும் இல்லை' என்ற பதிலை நம்பி விட்டுவிடாமல், சேஸி தயாரிப்பாளர் பெயரிலும் பாடி கட்டியவர் பெயரிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். நகராட்சியிடமிருந்து பழைய வண்டியை வாங்கிய சிறிய தன்னார்வ நிலையங்களுக்கு இது மிகவும் அவசியம். கடிதம் பழைய உரிமையாளரின் கொள்முதல் அலுவலகத்திலேயே தங்கிவிடும்.

இனி வேலை. ரீகாலுக்காக வரும் மாற்றுப் பாகக் கிட்டைப் பிரித்தால் விளக்கு, கேஸ்கெட், ஸ்க்ரூ, சில சமயம் ஒரு ரெசிஸ்டர், ஒரு செய்முறைத் தாள் இருக்கும். விளக்கை மாற்றுவதற்கு இருபது நிமிடம் போதும். ஆனால் விளக்கு ஏன் கெட்டது என்று பார்க்காமல் மாற்றினால் ஒரு குளிர்காலம் கழித்து அதே வண்டி அதே குறையோடு திரும்பி வரும்.

எல்இடி விளக்கில் நீர் புகுவதற்குக் காரணம் பெரும்பாலும் மழை அல்ல. எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது. சூடான விளக்கின்மீது குளிர்ந்த நீர் பாய்ச்சிக் கழுவினால் உள்ளே அழுத்தம் சட்டென்று குறைந்து, சீலில் இருக்கும் நுண்ணிய இடைவெளி வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஸ்க்ரூவை இம்பாக்ட் கருவியால் இறுக்கினால் பிளாஸ்டிக் உடல் வளைந்து அந்த இடைவெளியை நாமே உண்டாக்கிவிடுகிறோம். கையால் இறுக்குங்கள், குறுக்கு மூலைகளை மாற்றி மாற்றி. வடிகால் துளை உள்ள விளக்கானால் அது கீழ்ப்பக்கம் வர வேண்டும்.

அடுத்தது எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் இணைப்பு. ரீகால் தாள்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, பட்டறையில் தலைவலி கொடுப்பது இதுதான். அலுமினிய பாடியில் எஃகு போல்ட்டில் எர்த் எடுத்திருப்பார்கள். பனிக்காலச் சாலை உப்பு சேர்ந்ததும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே அரிப்பு பிடிக்கிறது. அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் லைட் மட்டும் எரியும்போது ஒரு ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.1 வோல்ட், யாரும் கண்டுபிடிக்க முடியாது. பின்பக்க எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் அதே எர்த்தில் சேர்ந்து 15 ஆம்பியர் ஓடினால் இழப்பு 1.5 வோல்ட், அந்த ஒரு போல்ட்டில் மட்டும் 22.5 வாட் வெப்பம். அப்போது பிரேக் லைட் எச்சரிக்கை விளக்கின் தாளத்துக்கு ஏற்ப மங்கி மங்கி எரியும். எர்த் முழுவதும் அறுந்தால் மின்சாரம் வேறு விளக்கு வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும். இண்டிகேட்டர் போட்டால் மார்க்கர் துடிப்பது அதனால்தான்.

வெறும் மீட்டரை வைத்து 12.6 வோல்ட் இருக்கிறது என்று திருப்தி அடைய வேண்டாம். ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருக்கும் வயரும் சுமை இல்லாதபோது அதே 12.6 வோல்ட்டைக் காட்டும். எல்இடியும் மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால் பழுதை மறைத்துவிடும். மின்னோட்டத்தை அந்தச் சுற்று தாங்கும் என்று வயரிங் படத்தில் உறுதி செய்துகொண்டு, பழைய 27 வாட் பல்ப் ஒன்றைச் சுமையாகக் கட்டி, விளக்கின் எர்த்துக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவே அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டுங்கள். வயரின் உறையை ஊசி முனையால் குத்திச் சோதிக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். அந்தத் துளை வழியாக உப்புநீர் ஏறி, சில மாதங்களில் செம்பு பச்சை பூத்து உதிரும்.

கிட்டில் ரெசிஸ்டர் இருந்தால் அது எதற்கு என்று புரிந்துகொள்ள வேண்டும். பழைய பல்ப் சுமார் 2 ஆம்பியர் எடுக்கும். எல்இடி எடுப்பது அதில் சிறு பங்கு என்பதால் சேஸி கம்ப்யூட்டர் பல்ப் போய்விட்டது என்று எண்ணி இண்டிகேட்டரை வேகமாகத் துடிக்க வைக்கும். தரம் அனுமதிப்பது நிமிடத்துக்கு 60 முதல் 120 துடிப்பு. 6 ஓம் ரெசிஸ்டர் 14 வோல்ட்டில் எரிந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் 33 வாட் வெப்பம் தருகிறது. அதை உலோகத் தகட்டில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்த வேண்டும். வயர்க் கட்டோடு சேர்த்து டை போட்டுக் கட்டினால் விளக்குக் குறை தீர்ந்து தீ ஆபத்து தொடங்கும்.

சில ரீகால்களில் பாகமே வராது, சாஃப்ட்வேர் மட்டும் வரும். புதிய வண்டிகளில் சுவிட்ச் நேராக விளக்கைப் போடுவதில்லை. மாட்யூல் எனும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது, மாட்யூல் விளக்கைப் போடுகிறது. ஹேண்ட் பிரேக் போட்டதும் எச்சரிக்கை விளக்குகள் ஓடும்போது வழி கேட்கும் முறையிலிருந்து நின்று வழி மறிக்கும் முறைக்கு மாறி, வெள்ளை விளக்குகள் அணைய வேண்டும். இந்த மாற்றத்தின்போது இண்டிகேட்டரோ பிரேக்கோ சேர்ந்து அணைகிறதா என்பதையே புதிய நிரல் ஏற்றியபின் முதலில் பார்க்க வேண்டும்.

ஆகவே, சோதனை இருட்டில், இரண்டு பேராக. ஒருவர் இருக்கையில், மற்றவர் 30 மீட்டர் பின்னால். பிரேக் மட்டும், பிரேக்கோடு இடது இண்டிகேட்டர், பிரேக்கோடு ஹசார்டு, பிறகு இதே வரிசை எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரியும்போது, கடைசியாக ஹேண்ட் பிரேக் போட்டு மீண்டும். எஞ்சின் ஓடும்போது ஒருமுறை, நின்றிருக்கும்போது ஒருமுறை. ஃபோன் கேமராவில் எடுத்துப் பார்க்காதீர்கள்; நன்றாக எரியும் எல்இடிகூட அதில் துடிப்பதுபோல் தெரியும். அரை மணி நேரம் எல்லாவற்றையும் எரிய விட்டபின் மறுபடி ஒரு சுற்று, ஏனென்றால் சூடேறிய பிறகே விடும் சால்டர் இணைப்புகள் உண்டு.

பாகம் வரும்வரை வண்டியை நிறுத்திவைக்க முடியாத நிலையங்களே அதிகம். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ஒருவர் பின்னால் நின்று பார்த்துக் கையெழுத்திடட்டும். நெடுஞ்சாலை விபத்தில், வரும் போக்குவரத்தை மறித்து நிற்கும் வண்டியாக அதை வைக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் வின் எண், தேதி, புதிய விளக்கின் தயாரிப்புக் குறியீடு, முன்னும் பின்னும் அளந்த வோல்ட் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். கடிதம் வருவதற்கு முன்பே சொந்தச் செலவில் மாற்றியிருந்தால் ரசீதோடு பணம் திரும்பக் கேட்கலாம். அதற்கான வழி கடிதத்திலேயே இருக்கும். கழற்றிய விளக்கைத் தாள் சொன்னபடி திருப்பி அனுப்புங்கள், அல்லது உடைத்துவிடுங்கள். பிறகு நிலையத்தின் உதிரிபாக அலமாரியைத் திறந்து, அங்கே பெட்டி பிரிக்காமல் இருக்கும் விளக்குகளின் குறியீட்டையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். ரீகால் ஆன அதே தொகுதியில் இரண்டு மூன்று அங்கேயும் இருக்கலாம்.