வாழைத்தோட்டத்தில் வௌவால் வலை

யாழ்ப்பாணத்து நீர்வேலி வாழைத்தோட்டங்களில் பழந்தின்னி வௌவாலைப் பிடித்து, அளந்து, விடும் களவேலைக்கு முதலில் வேண்டியவை இரண்டு: வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி, விசர்நாய் நோய்த் தடுப்பூசி. ஊசி போடாதவர் வௌவாலைத் தொடவே கூடாது. தோல் கையுறையையும் கடித்துத் துளைக்கும் பல் அதற்கு.

வலை 9 மீற்றர் நீளம், 2.6 மீற்றர் உயரம், மயிரிழை போன்ற நைலான். பொத்தி தள்ளிய வாழைகளுக்கு இடையே, வரம்போடு கட்டுங்கள். வலை கட்டும் கம்பாக வேலிக் கதியாலை ஊன்றினால் கணுவெல்லாம் வலை சிக்கும். வழுவழுப்பான அலுமினியக் குழாய்தான் சரி. விறைப்பாக இழுத்தால் வௌவால் மோதித் தெறித்துவிடும். குறுக்குக் கயிறுகளுக்குக் கீழே வலை பைபோலத் தொய்ந்திருந்தால்தான் உள்ளே விழும். சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று பெயரும் மாதங்களில் அந்தப் பை காற்றில் ஊதிப் பயனற்றுப் போகிறது. நிலவு நாளிலும் அகப்படுவது குறைவு.

பறவைகள் அடைந்தபின் விரித்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். நாங்கள் ஒருநாள் அரை மணி தாமதித்தோம். அகப்பட்ட வௌவாலின் பெருவிரல் நகத்தைச் சுற்றி நூல் ஐந்தாறு முறுக்கு ஏறியிருந்தது. கழற்றுமுன், எந்தப் பக்கத்தால் உள்ளே வந்தது என்று கண்டுபிடியுங்கள். வந்த வழியால்தான் வெளியே வரும். முதலில் கால், பிறகு சிறகு, கடைசியில் தலை. கடிக்க ஒரு துணித்துண்டைக் கொடுத்தால் உங்கள் விரல் தப்பும். நூல் இறுகியிருந்தால் வெட்டுங்கள். வலையைத் தைத்துக்கொள்ளலாம், எலும்பு முறிந்த வௌவாலுக்கு வாழ்வில்லை.

வௌவாலைத் துணிப்பையோடு நிறை பார்த்து, பின் வெறும் பையின் நிறையைக் கழியுங்கள். முன்னங்கையை வேணியர் இடுக்கிமானியால் அளப்போம். வளர்ந்த குறுமூக்குப் பழந்தின்னியில் ஏறக்குறைய 70 மில்லிமீற்றர். சிறகை மெல்ல விரித்துப் பின்னால் ரோச் லைற் பிடித்தால் விரல் மூட்டு தெரியும். குட்டியில் மூட்டருகே ஒளி ஊடுருவும் இடைவெளி இருக்கும். வளர்ந்ததில் எலும்பு மூடி, மூட்டு உருண்டு திரண்டிருக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சினைப்பட்டதையும் குட்டி சுமப்பதையும் அளக்காமலே விட்டுவிடுவோம்.

விடும்போது மேலே எறியாதீர்கள். தலைவிளக்கை அணைத்து, ஒரு கிளையில் தொங்கவிடுங்கள். சோர்ந்திருந்தால் துளிக்குழாயால் சீனித்தண்ணீர். நக்கிக் குடித்துவிட்டுத் தானாகப் பறக்கும்.