அவங்களும் கப்பல்ல போனவங்கதானே

அந்த அம்மாவை நான் தடுத்திருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

பினாங்கில் சுற்றுலா வழிகாட்டி நான். இங்குள்ள வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் ரஷ்ய மாலுமிகளின் நினைவுக்கல் முன்னால் வழக்கமாகச் சொல்வதைத்தான் அன்றும் சொன்னேன். 1914 அக்டோபர் 28, விடிகாலை. பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் வந்தது. நங்கூரம் போட்டு நின்ற ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது. 80 பேருக்கு மேல் போனார்கள். செப்டம்பர் 22-இல் சென்னையில் குண்டு போட்டதும் இதே எம்டன்தான் என்றதும் நம் ஆட்கள் கிட்டே வந்துவிடுவார்கள்.

கெடாவிலிருந்து வந்திருந்த அந்த அம்மா மட்டும் கொண்டையிலிருந்த மல்லிகையைக் கழற்றினார். "தம்பி, இங்க வைக்கலாமா? எங்கப்பா ரஜுலா கப்பல்ல வர்றப்ப செத்துட்டாரு. நடுக்கடல்லயே இறக்கிட்டாங்க. நான் அப்பக் கைக்குழந்தை."

இது ரஷ்யக் கடற்படைக்காரர்களுக்கு வைத்த கல் என்றேன். வேண்டுமானால் எஸ்பிளனேடு கடற்கரைக்குப் போவோம், கடலிலேயே விடலாம் என்றும் சொன்னேன்.

"அவங்களும் கப்பல்ல போனவங்கதானே? கடலப் பாத்தா அவரு எங்க கெடக்காரோன்னுதான் தோணுது. இது ஒரு இடமா இருக்கு."

சரி வைங்கம்மா என்று விலகி நின்றேன். நாரில் பாதி வாடிய பூ. அதை நீளவாக்கில் விரித்து, ரஷ்ய எழுத்தை மறைக்காமல் கீழே வைத்தார். பின்னால் நின்றவர்களும் கைகூப்பினார்கள். அங்கேதான் எனக்குச் சங்கடம். யார் யாருக்கு வைத்த கல் என்பதைச் சரியாகச் சொல்வதுதான் என் வேலை. நாளைக்கு ஒருவர் சூடம் கொளுத்தினால் என்ன சொல்வேன்? ஆனால் பூதானே. அந்த மாலுமிகளின் பிள்ளைகள் பார்த்திருந்தால் கோபப்பட்டிருக்கவா போகிறார்கள்?

நாகப்பட்டினத்தில் ரஜுலா மாதிரிக் கப்பலில் ஏறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். வழியில் செத்தவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகள் பூ வைக்க எந்தக் கல்லைக் காட்டுவேன்?

இப்போதெல்லாம் தமிழ்க் குழு வந்தால் எம்டனோடு ரஜுலாவையும் சேர்த்துச் சொல்கிறேன். ரஷ்யர்களுக்கான நேரத்தில் அதைச் சொல்வது முறையா என்று சொல்லும்போதே தோன்றுகிறது. ஆனாலும் விட மனம் வரவில்லை.