கந்தோர் வாகனத்துக்கு டீசல் யார் போடுவது?

2022, 2023இல் இலங்கையில் எத்தனை பேர் ஏழைகள்? கொழும்பில் யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். உலக வங்கியின் மதிப்பீட்டில் ஏறத்தாழ நாலில் ஒருவர். லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் 2023இல் எடுத்த கணக்கில் 70 இலட்சம் பேர், அதாவது 31 சதவீதம். ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் வருமானத்தை விட்டு வேறு பல குறைகளையும் சேர்த்துப் பார்த்தது, அதில் 55.7 சதவீதம் பேர் நலிவுற்ற நிலையில். உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் 2022இல் சேர்ந்து வந்து பார்த்துவிட்டு, 63 இலட்சம் பேருக்குச் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு என்றன.

இவற்றில் எதையும் பொய் என்று தள்ள முடியாது. ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை அளந்தார்கள். ஆனால் அப்போது கையில் இருந்த உத்தியோகபூர்வ வறுமை வீதம் 14.3 சதவீதம்தான். அது 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவினக் கணக்கெடுப்பில் வந்தது. கொரோனாவுக்கு முந்தியது. டீசல் வரிசைக்கும் முந்தியது, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தைய வருடத்தைவிட 69.8 சதவீதம் ஏறியதற்கும் முந்தியது. வீட்டுக்கணக்கெல்லாம் தலைகீழாகிப்போன நாட்டில், யாருக்கு அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் காசைக் கொடுப்பது என்று முடிவெடுக்கப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நான் புள்ளிவிபரம் படித்தவன் அல்ல. புள்ளிவிபர வேலைக்குக் காசு கொடுக்கும் கொடையாளர்களின் கூட்டங்களில் குறிப்பெடுப்பதும் அட்டவணை பராமரிப்பதும்தான் என் தொழில். வெள்ளவத்தையிலிருந்து கிளம்பி, கொழும்பு ஹோட்டல் மண்டபம் ஒன்றில் பாட்டிஸும் பிளேன்டீயுமாகத் தொடங்கும் கூட்டம். மேசையைச் சுற்றி ஐ.நா. அமைப்புகள், தூதரகங்கள், வங்கிகள். எல்லோரும் தலையாட்டும் ஒரு சொல் 'ஒருங்கிணைப்பு'. யாருடைய ஆய்வு, எந்த மாவட்டம், எந்த மாதம், எவ்வளவு காசு என்று என் எக்ஸெல் தாளில் நிரல்கள் இருக்கும். அதை ஒழுங்காக நிரப்பினாலே போதும், ஒரே மாவட்டத்தில் ஒரே மாதத்தில் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வித்தாளோடு இறங்கப்போவது பளிச்சென்று தெரிந்துவிடும். தெரிந்தும் இருக்கிறது. 'கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று நானே குறிப்பில் எழுதியும் இருக்கிறேன். யாரும் மாதத்தை மாற்றவில்லை. மாற்றவும் முடியாது. அவரவர் காசு அவரவர் தலைநகரத்திலிருந்து வருகிறது. நிதியாண்டு வேறு, அறிக்கை கேட்கும் தேதி வேறு, காட்ட வேண்டிய குறிகாட்டிகளும் வேறு.

இதன் மறுபக்கத்தைக் கொட்டாஞ்சேனையில் பார்த்தேன். கணக்கெடுப்பாளர் ஒருவரோடு சும்மா கூடப் போயிருந்தேன். தொடர்வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, தாளைக் கண்டதுமே சுளகைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, போன மாதமும் ஒரு பிள்ளை வந்து கிழமைக்கு எத்தனை கிலோ அரிசி என்று கேட்டுட்டுப் போனது. அதற்கு முதலும் ஒருவர். நீங்கள் ஒருத்தருக்கொருத்தர் கதைக்கிறேல்லையா?" என்றார். ஒருங்கிணைப்பு பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே சுருக்கமானது இதுதான். அலுத்துப்போன சனம் அடுத்த முறை கதவைத் திறக்காது, திறந்தாலும் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பும். அதற்குப் பிறகு எந்த மென்பொருள் வந்து என்ன பயன்?

உலக மட்டத்தில் இதற்கு மருந்து எழுதி நாளாகிவிட்டது. 1999இல் ஐ.நா., உலக வங்கி, சர்வதேச நாணய நிதியம், பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.ஈ.சி.டி., ஐரோப்பிய ஆணைக்குழு ஆகியவை சேர்ந்து 'பாரிஸ்21' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. நாடே தன் புள்ளிவிபரத் திட்டத்தை எழுத வேண்டும், கொடையாளர்கள் அதன் பின்னால் நிற்க வேண்டும் என்று 2004இல் மராகேஷில் ஒத்துக்கொண்டார்கள். பிறகு 2011இல் பூசான், 2017இல் கேப் டவுன். ஊர் மாறியது, கருத்து அதேதான். ஆனால் உலகத்து அபிவிருத்தி உதவியில் புள்ளிவிபரத்துக்குப் போன பங்கு 100 ரூபாய்க்கு 30, 35 சதம் என்ற அளவிலேயே நெடுங்காலம் கிடந்தது.

அந்தச் சில சதங்களும் எதற்குப் போகின்றன என்பதில்தான் எனக்குக் கோபம். கலியாண வீட்டுக்கு வருகிற எல்லோரும் சுவர்க்கடிகாரமே கொண்டுவருவதைப் போல, எல்லோரும் ஆய்வுதான் கொடுக்கிறார்கள். ஆய்வுக்கு முன்னட்டை உண்டு, அதில் சின்னம் போடலாம், வெளியீட்டு விழாவும் வைக்கலாம். மாவட்டச் செயலகத்தில் இருக்கும் புள்ளிவிபர உத்தியோகத்தரின் வாகனத்துக்கு டீசல் போட்டால் எங்கே சின்னம் ஒட்டுவது?

மாதிரிச் சட்டகம் என்ற அலுப்பான விஷயத்தை எடுங்கள். எந்த வீட்டுக்குப் போவது என்று தெரிவு செய்யும் பட்டியல் அது, நாட்டுச் சனத்தையும் வீடுகளையும் எண்ணும் தொகைமதிப்பிலிருந்து வருவது. இங்கே முதல் தொகைமதிப்பு 1871இல் நடந்தது. 1981க்குப் பிறகு யுத்தம் குறுக்கே வந்தது; 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எண்ண முடிந்தது, நாடு முழுவதையும் எண்ண 2012 ஆனது. 2021இல் வர வேண்டியது 2024க்குத் தள்ளிப்போனது. இடையில் எங்கள் ஒழுங்கையில் ஒற்றை வீடாக இருந்த காணியில் எட்டு மாடி எழும்பிவிட்டது. பழைய பட்டியலில் அது ஒற்றை வீடாகவே கிடந்தது! எவ்வளவு கெட்டித்தனமான ஆய்வானாலும் கால் அந்தப் பட்டியலில்தான் நிற்கிறது. அதைப் புதுப்பிக்கக் காசு கேட்டால் மேசையைச் சுற்றி எல்லோரும் கைத்தொலைபேசியைப் பார்ப்பார்கள்.

பயிற்சியும் இதே கதைதான். ஜப்பானில் சிபாவிலுள்ள ஐ.நா. புள்ளிவிபரப் பயிற்சி நிறுவனம் நல்ல இடம், போய்வந்தவர்கள் மெச்சித்தான் சொல்வார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த கெட்டிக்காரர் ஒருவர் வெளிநாட்டுப் பயிற்சியெல்லாம் முடித்துவந்து, 2022க்குப் பிறகு குடும்பத்தோடு மெல்பேர்ன் போய்விட்டார். குறை சொல்லமாட்டேன், அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளுக்குப் பால்மா வாங்குவதே பாடு. சம்பளத்துக்கு உதவுவது கொடையாளர் விதியில் இல்லை, வெளிநாட்டு ஆலோசகரின் நாட்கூலிக்கு மட்டும் விதியில் இடமுண்டு.

சொந்தக்கால் ஏன் வேண்டும் என்பதற்கு 2025 பெப்ரவரியே சாட்சி. 1984 முதல் அமெரிக்க உதவியில் நடந்துவந்த மக்கள்தொகை சுகாதார ஆய்வுத் திட்டம் வாஷிங்டனில் எடுத்த முடிவொன்றால் நின்றுபோனது. அதையே நம்பியிருந்த நாடுகள் பாதி வேலையில் நின்றன. இலங்கையும் 1987இல் அதில் இருந்தது. ஆனால் 2016இல் அதே வகை ஆய்வை நடத்தியது நம் தொகைமதிப்புத் திணைக்களம்தான். அதனால் நமக்கு அடி பலமாக விழவில்லை. ருவாண்டா இன்னொரு வழி பிடித்தது. தேசியப் புள்ளிவிபர நிறுவனம் திட்டத்தை எழுதியது, கொடையாளர்கள் ஒரே பொதுப்பையில் காசு போட்டார்கள். மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தது புள்ளிவிபரக் கந்தோர். நமக்கும் அதுதான் சரி என்பேன். ஒரு நாடு, ஒரு நாட்காட்டி, கேள்வி கூட்ட வேண்டுமென்றால் திணைக்களத்தின் ஆய்வோடு சேர்த்துக் கேளுங்கள், அதற்குரிய காசையும் அங்கேயே கட்டுங்கள்.

இப்போது புதுத் தொகைமதிப்பு முடிந்து கையில் புதுப் பட்டியல் இருக்கிறது, தொடங்க நல்ல நேரம். என் பங்குக்கு அந்த எக்ஸெல் தாளில் ஒரு நிரல் கூட்டினேன்: 'திட்டம் முடிந்த பிறகு இந்தச் செலவை யார் ஏற்பார்?' சிலர் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் 'அரசாங்கம்' என்று எழுதியிருக்கிறார்கள். அரசாங்கத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.