ஏஐ ஏஜென்டுக்கான தம்ப்நெயில் டூல்: விளக்கத்தில் என்ன எழுதுவது?

படத்தின் சிறு வடிவத்தை (தம்ப்நெயில்) ஏஐ ஏஜென்டுக்கு, அதாவது டூல்களைத் தானே அழைத்து வேலை செய்யும் ஏஐக்கு, தரும் டூலை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் உங்கள் நிரலைப் (கோட்) பார்ப்பதில்லை. டூலின் பெயர், விளக்கம், ஸ்கீமா (என்ன உள்ளீடு தர வேண்டும் என்ற வரையறை), இவ்வளவுதான் அதற்குத் தெரியும். 'படத்தைத் தரும்' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். 'படத்தின் ஐடி கொடுத்தால், நீளப் பக்கம் 256 பிக்சலுக்கு மிகாத ஜேபெக் தரும். சிறு எழுத்தைப் படிக்க உதவாது, அதற்கு மூலப்படத்தைக் கேட்கவும்' என்று எழுதுங்கள். அந்தக் கடைசிப் பகுதி இல்லாவிட்டால், மங்கலான எழுத்தை ஏஜென்ட் ஊகித்துச் சொல்லிவிடக்கூடும்.

படத்தை எழுத்துகளாக மாற்றிய பேஸ்64 சரத்தை வெறும் டெக்ஸ்டாக அனுப்புவதுதான் பெரிய தவறு. பைட் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், டோக்கன்கள் (மாடல் படிக்கும் எழுத்துத் துண்டுகள்) கரையும், மாடலுக்குப் படமும் தெரியாது. எம்சிபி (ஏஐயையும் டூலையும் இணைக்கும் நெறிமுறை) வழியாக அனுப்பினால், விடையில் டைப் 'இமேஜ்' என்றும், கூடவே மைம்டைப்பும் (கோப்பு எந்த வகை என்ற குறிப்பு) கொடுங்கள்.

எக்ஸிஃப் (படக் கோப்பில் கேமரா சேர்க்கும் தகவல்) சொல்லும் திசைப்படி பிக்சல்களையே திருப்பிப் பதியுங்கள். இல்லையேல் போன் படங்கள் படுத்துக் கிடக்கும். ஐடி தவறானால் வெற்று விடை வேண்டாம்: 'இந்த ஐடி இல்லை, முதலில் தேடல் டூலை அழைக்கவும்' என்று பிழைச்செய்தி கொடுங்கள்.