தந்திக் கம்பத்துப் பீங்கான்கள்: தரங்கம்பாடி பாதை நாட்குறிப்பு

19 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கல் கழிந்து சம்பா அறுப்பு நடக்கிறது. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலைத் தாண்டினால் அறுத்த வயல்களுக்கு நடுவே பழைய ரயில் மேடு நீளமாகத் தெரிகிறது. இதைத் தேடி வர இதுதான் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் சேறும் கோரையும்தான் மிஞ்சும். சித்திரை வெயிலில் சீமைக் கருவேல முள்ளோடு மல்லுக்கட்ட முடியாது.

மயிலாடுதுறை–தரங்கம்பாடி மீட்டர் கேஜ் பாதை 1926-இல் வந்தது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். 1986-இல் நிறுத்திவிட்டார்கள். இன்று மிச்சம் இருப்பது மேடு, அங்கங்கே மதகு, அவ்வளவுதான். பலர் இந்த மேட்டைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் தேடுவது மேட்டின் ஓரத்தில் நின்ற தந்திக் கம்பங்களை. அவற்றின் கைகளில் கவிழ்த்து வைத்திருந்த பீங்கான் இன்சுலேட்டர்களை, அதாவது கம்பியைத் தாங்கி மின்சாரம் கம்பத்துக்குக் கசியாமல் தடுத்த பீங்கான் கிண்ணங்களைச் சேர்க்கிறேன்.

மதகுக்கு அருகே ஒரு கம்பத்தின் அடிப்பகுதி மட்டும் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. தேய்ந்த தண்டவாளத்தையே நட்டுக் கம்பமாக்கிய வகை. சுற்றிலும் மண்ணில் வெள்ளைச் சில்லுகள். ஒரு சில்லில் உள் மரை, அதாவது தண்டில் திருகி மாட்டும் வரி, தெளிவாக இருந்தது. அளந்தேன், படம் எடுத்தேன், கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும்: மேட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். தண்டவாளம் போய்விட்டது என்பதற்காக நிலமும் பொருளும் ஊர்ப்பொது ஆகிவிடாது. ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பதற்கென்றே 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதோடு, ரயில் பாதையோரத் தந்திக் கம்பிகளைப் போட்டுப் பராமரித்தது பெரும்பாலும் தபால் தந்தித் துறை. ரயில்வே அதற்கு வாடகை கட்டியது. ஆக ஒரு கம்பத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருக்கலாம். என் அலமாரியில் இருப்பவை எல்லாம் பழைய இரும்புக் கடைகளில் ரசீதோடு வாங்கியவை.

26 ஜனவரி 2025, ஞாயிறு

பழைய இரும்புக் கடைக்காரர் எனக்காக ஒரு சாக்கு ஒதுக்கி வைத்திருந்தார். உள்ளே முழுசாக மூன்று, உடைந்தவை நிறைய. அவருக்கு வேண்டியது பீங்கானுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு. அதை எடைக்குப் போட்டால் காசு. பீங்கானை யாரும் வாங்குவதில்லை என்பதால் சுத்தியலால் ஒரே அடி. இந்தப் பக்கத்து இன்சுலேட்டர்கள் மழையிலோ வெயிலிலோ அழியவில்லை, பெரும்பாலும் அந்த அடியில்தான் அழிந்தன. இரும்பு விலையைத் தந்துவிடுகிறேன், உடைக்காமல் வையுங்கள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். வைத்திருக்கிறார்.

"இதுல என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். உட்கார்ந்து காட்டினேன்.

வெளியே பார்த்தால் ஒரு கிண்ணம். கவிழ்த்து உள்ளே பார்த்தால் அதற்குள் இன்னொரு கிண்ணம். மின்சாரம் பீங்கானைத் துளைத்துப் போகாது. ஆனால் மழையில் நனைந்த மேற்பரப்பு வழியாக ஊர்ந்து தண்டை அடைந்து, கம்பம் வழியாக மண்ணுக்குப் போய்விடும். ஒரு கம்பத்தில் கசிவது மிகக் கொஞ்சம். மைல் கணக்கில் கம்பங்கள் நிற்கும்போது எல்லாம் சேர்ந்து, அடுத்த ஊரில் தந்திக் கருவியின் முள் அசையாத அளவுக்கு இழப்பு வந்துவிடும். உள்கிண்ணத்தின் உட்புறம் அடைமழையிலும் காய்ந்தே இருக்கும். அந்த இரண்டு மூன்று அங்குல உலர்ந்த பீங்கான்தான் தந்தியைக் காப்பாற்றியது.

உள்ளே இருக்கும் மரையும் முக்கியம். முன்பெல்லாம் பீங்கானைத் தண்டோடு சேர்த்துப் பூசி ஒட்டிவிடுவார்கள். பீங்கான் உடைந்தால் தண்டும் போச்சு. 1870-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் கார்டோ என்பவரின் பெயரில் வந்த வடிவம் அதை மாற்றியது. பீங்கானிலேயே மரை வைத்துச் சுட்டார்கள். உடைந்ததைத் திருகிக் கழற்றிவிட்டுப் புதியதைத் திருகிவிடலாம். லைன்மேன் கம்பத்தின் மேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் செய்யக்கூடிய வேலை. இவ்வளவு எளிமையான நல்ல யோசனையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைவினைஞர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

மூன்றில் ஒன்றில் புல்லர்ஸ் முத்திரை. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் மில்டன் பகுதியில் ஆலை வைத்திருந்த கம்பெனி. மற்ற இரண்டிலும் முத்திரை தேய்ந்துவிட்டது.

எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டேன். "யாரோ ஒருத்தர் சைக்கிள்ல கொண்டாந்து போட்டாரு" என்றார். புல்லர்ஸ் கையில் இருந்தும் மனம் நிறையவில்லை.

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

இன்று நடை இல்லை. சுத்தம் செய்யும் வேலை. தண்டு துருப்பிடித்து மரைக்குள் இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கவிழ்த்து இரண்டு நாள் விட வேண்டும். சுடவைத்துக் கழற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், பீங்கான் விரிசல் விட்டுவிடும். துருக்கறைக்குப் புளித்தண்ணீர் போதும். உள்கிண்ணத்தில் இருந்த குளவிக்கூட்டை மட்டும் உடைக்காமல் தனியாகப் பெயர்த்து எடுத்தேன். கம்பி போன பிறகும் மழை படாத இடம் அதுதான் என்று குளவிக்குத் தெரிந்திருக்கிறது.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

திருக்கடையூர் பக்கம். அறுபதாம் கல்யாணக் கூட்டத்தால் கோயில் தெருவில் வண்டி நகரவில்லை. ஊரைத் தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து மேடு எங்கே போகிறது என்று விசாரித்தபோது, பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் பேச்சில் கலந்துகொண்டார். ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். தினமும் ஸ்பேனரும் சுத்தியும் தோளில் போட்டுக்கொண்டு தன் பங்குத் தண்டவாளத்தை நடந்து பார்த்தவர்.

நான் இன்சுலேட்டர் என்றதும் அவர் கம்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"தந்திக் கம்பத்து நம்பர் இல்லாம நாங்க வேலையே பாக்க முடியாது தம்பி. தண்டவாளத்துல வெடிப்பா, மாடு அடிபட்டுச்சா, கரை அரிச்சிடுச்சா, எதுவா இருந்தாலும் எத்தனாவது கிலோமீட்டர், எத்தனாவது கம்பம்னுதான் எழுதுவோம். பன்னெண்டு கீழே ஏழுன்னா ஸ்டேஷன் மாஸ்டருக்கும் புரியும், மேலே இருக்கற ஆபீசருக்கும் புரியும்."

இந்த முறை எனக்குத் தெரியும். விபத்து விசாரணை அறிக்கைகளில் இன்ன மைல், இன்ன கம்பங்களுக்கு இடையே என்றுதான் இடத்தைக் குறித்திருப்பார்கள். ஆனால் அதை வைத்து வாழ்ந்த ஒருவர் வாயால் கேட்பது வேறு. கம்பம் கம்பியைத் தாங்கியதோடு நிற்கவில்லை. ஆளில்லாத வயல்வெளியில் ஒவ்வொரு சில பத்து கெஜத்துக்கும் ஒரு விலாசம் கொடுத்தது. அந்த விலாசத்தை இழந்த பீங்கான் என் அலமாரியில் அழகாக இருக்கும், ஆனால் இந்தப் பாதையைப் பற்றி எதுவும் சொல்லாது. போன மாதம் சாக்கிலிருந்து எடுத்த மூன்றும் அப்படித்தான் ஆகிவிட்டன.

ஐயாவிடம் கம்பிகள் எதற்கெல்லாம் பயன்பட்டன என்று கேட்டேன். "தந்தி, கண்ட்ரோல் போன், டோக்கன், எல்லாம் அதுலதான்" என்றார். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் இருக்க டிரைவர் கையில் டோக்கன் இருக்க வேண்டும். டோக்கனைப் பூட்டி வைக்கும் நீல்ஸ் கருவி உள்ள பாதைகளில் டோக்கன் ஓர் உருண்டை. அது, அடுத்த ஸ்டேஷன்காரர் தன் கருவியை அழுத்திக் கம்பி வழியாகச் சம்மதம் அனுப்பினால்தான் வெளியே வரும். கம்பியின் மின்சாரம் மண்ணுக்குக் கசிந்துவிட்டால் டோக்கன் வராது. காகிதத்தில் அனுமதி எழுதிக் கொடுத்துத்தான் வண்டியை விட வேண்டும். வண்டி தடையில்லாமல் ஓடுவதே அந்தப் பீங்கானின் உலர்ந்த உட்புறத்தை நம்பி இருந்தது என்றால் அது மிகையில்லை.

பேசி முடித்ததும் ஒரு வேலிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். வேலிக்கால் ஒன்று பழைய தண்டவாளக் கம்பம். நம்பர் தகடு அடித்திருந்த துளைகள் மட்டும் இருந்தன.

23 பிப்ரவரி 2025, ஞாயிறு

பொறையாறு முதல் தரங்கம்பாடி வரை. உப்புக்காற்று. இந்தப் பகுதியில் நான் பார்த்த சில்லுகளுக்கும் மன்னம்பந்தல் பக்கத்துச் சில்லுகளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே வெளியிலிருந்து அடிபட்ட உடைவு. ஒரு புள்ளியில் தொடங்கி விசிறியாக விரிகிறது. இங்கே பலவற்றில் விரிசல் உள்ளே மரையிலிருந்து தொடங்கி மேலே ஏறியிருக்கிறது. இரும்புத் தண்டு துருப்பிடித்துப் பருத்து, பீங்கானை உள்ளிருந்தே பிளந்திருக்கிறது. இடத்தைக் குறிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

கோட்டைப் பக்கம் சுற்றுலா வந்தவர்கள் நிறைய. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு வேலியும் பலகையும் உண்டு. 60 ஆண்டுகள் ஓடிய ரயிலுக்கு இந்த ஊரில் ஒரு பலகை கூட என் கண்ணில் படவில்லை. வைக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

2 மார்ச் 2025, ஞாயிறு

ஒரு நோட்டில் இந்தப் பாதைக்கு மறுபடி விலாசம் எழுத ஆரம்பித்திருக்கிறேன். மயிலாடுதுறை சந்திப்பிலிருந்து மேட்டின் வழியாகத் தூரத்தை அளந்து, மதகுகளை அடையாளமாக வைத்து, நான் பார்த்த ஒவ்வொரு கம்ப அடியையும் சில்லுக் குவியலையும் கிலோமீட்டர், அதற்குக் கீழே வரிசை எண் என்று குறிக்கிறேன். பழைய நம்பர்களோடு ஒத்துப்போகாது. பரவாயில்லை. இந்தப் பாதையில் மறுபடி ரயில் விட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் மண் வேலை தொடங்கினால் இந்த அடிகள் ஒரே வாரத்தில் போய்விடும். அதற்கு முன் எழுதி முடிக்க வேண்டும்.

8 மார்ச் 2025, சனி

கடைக்காரர் போன் செய்தார். முழுசாக ஒன்று வந்திருக்கிறதாம், பழுப்பு நிறம். இந்தத் தடவை கொண்டுவந்தவரிடம் அவரே கேட்டு வைத்திருக்கிறார்: ஆக்கூர், மாட்டுக் கொட்டகை இடித்தபோது உத்தரத்தில் கரண்ட் ஒயர் கட்ட மாட்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர் போன் நம்பரும் வாங்கி வைத்திருக்கிறார். அவருடைய அப்பா அதை எங்கே எடுத்தார் என்று நாளைக்கு நேரில் போய்க் கேட்கிறேன்.