கல்லில் பதிந்த வண்டித்தடம்

அமெரிக்காவில் டென்வர் நகரிலிருந்து வடக்கே மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓட்டினால் வயோமிங் மாநிலத்தில் கெர்ன்சி என்று ஒரு சின்ன ஊர். ஊரைத் தாண்டி, நார்த் பிளாட் ஆற்றுக்குத் தெற்கே ஒரு பாறை மேடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகள் மாட்டுவண்டிகளில் மேற்கே போன ஓரிகான் பாதையின் வண்டித்தடம் அங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் போனோம், ஆனால் இவ்வளவு ஆழமாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. மணற்பாறையில் சில இடங்களில் ஐந்தடிப் பள்ளம். உள்ளே இறங்கிய என் மகள் வெளியே தெரியவே இல்லை, குரல் மட்டும்தான் வந்தது.

அந்த மேட்டில் வண்டி ஏற வாகாக இருந்தது அந்த ஒரு இடம்தான், அதனால் வந்த வண்டியெல்லாம் அதே தடத்தில் ஏறியிருக்கிறது. 1840களில் தொடங்கி இருபது முப்பது வருடத்தில் மேற்கே போனவர்கள் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர். பக்கத்துப் பாறையைத் தடவிப் பார்த்தேன், அரிசி மாவைத் தொட்ட மாதிரி கையில் மணல் ஒட்டியது. இரும்புப் பட்டை போட்ட சக்கரத்துக்கு இது எம்மாத்திரம்.

கொஞ்ச தூரத்தில் ரெஜிஸ்டர் கிளிஃப். போனவர்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போன செங்குத்துப் பாறை. இந்தியானாவிலிருந்து வந்த அன்தாங்க் என்ற பத்தொன்பது வயதுப் பையன் 1850 ஜூனில் தன் பெயரை வெட்டியிருக்கிறான். பத்து நாள்கூட ஆகவில்லை, ஜூலை 2ஆம் தேதி வழியிலேயே செத்துப்போனான். காலரா என்கிறார்கள். அந்த எழுத்துகளின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

அப்புறம் லாரமி கோட்டை, அந்தப் பாதையில் இருந்த ராணுவக் கோட்டை. எனக்கு மனசு கனத்தது இங்கேதான். 1851இல் இந்தப் பகுதியில் நடந்த ஒப்பந்தத்தில் லகோட்டா, ஷையன் போன்ற பூர்வகுடி மக்களிடம் அமெரிக்க அரசு கேட்டது, வண்டிகள் தொல்லையில்லாமல் போக வழி. பதிலுக்கு வருடம் 50,000 டாலர் மதிப்புள்ள பொருள்கள், ஐம்பது வருடத்துக்கு. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் அதைப் பத்து வருடமாக வெட்டியது. இதற்கிடையே வண்டி மாடுகள் ஆற்றங்கரைப் புல்லை மேய்ந்து தீர்த்தன, விறகுக்கு மரம் போனது, காட்டெருமைகள் அந்தப் பக்கமே வராமல் விலகிப்போயின. அந்த மக்களுக்குச் சோறும் துணியும் கூடாரமும் எல்லாமே காட்டெருமைதான்.

1854 ஆகஸ்டில் ஒரு பயணியின் மாடு லகோட்டா முகாமுக்குள் போய்விட, ஒருவர் அதைக் கொன்றுவிட்டார். தலைவர் கான்கரிங் பேர் ஈடு கொடுக்க முன்வந்தார். ஆனால் கொன்றவனைப் பிடித்துத் தா என்று கிராட்டன் என்ற இளம் அதிகாரி 29 சிப்பாய்களோடும் இரண்டு பீரங்கிகளோடும் போய் நின்றார். பேச்சு முற்றிச் சிப்பாய்கள் சுட்டார்கள், தலைவர் சாய்ந்தார், கிராட்டனின் படையும் மாண்டது. அடுத்த வருடம் ராணுவம் பழிவாங்கியதில் பெண்கள், குழந்தைகள் உட்பட 86 பேர் செத்தார்கள். ஒரு மாட்டுக்காக. ஓரிடத்தில் பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம் இது.

1862இல் ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது, ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் கிட்டத்தட்ட இலவசம். ஒன்றுமில்லாமல் வந்த எத்தனையோ குடும்பங்கள் அதில் பிழைத்தன, அதையும் நான் மறுக்கவில்லை. 1868இல் இதே கோட்டையில் இன்னொரு ஒப்பந்தம், பிளாக் ஹில்ஸ் என்ற மலைப்பகுதி லகோட்டாக்களுக்கே என்று. 1874இல் அங்கே தங்கம் தெரிந்தது, 1877இல் நாடாளுமன்றம் மலையை எடுத்துக்கொண்டது. எடுத்ததற்கு இழப்பீடு தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 1980இல். பத்துக் கோடி டாலருக்கு மேல். அவர்கள் வாங்கவில்லை, வட்டி ஏறி இன்று நூறு கோடியைத் தாண்டிவிட்டது, இன்னும் தொடவில்லை.

"காசு வேண்டாமா அவங்களுக்கு?" என்று காரில் மகள் கேட்டாள். மலைதான் வேண்டுமாம் என்றேன். ஜன்னலுக்கு வெளியே சாலையின் இரண்டு பக்கமும் முள்கம்பி வேலி, உள்ளே கறுப்பு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.