வளையும் வெப்பமின் படலம்: மீட்டரை நம்பும் முன்

உடல் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டுமென்றால் எல்லோரும் முதலில் நல்ல பொருளைத் தேடுகிறார்கள். அதைவிட முக்கியம், அதன் இரு முனைகளுக்கும் நடுவே எத்தனை டிகிரி வித்தியாசம் நிற்கிறது என்பது. தோல் 32, அறை 25 என்றால் 7 டிகிரி கிடைத்துவிடாது. வெளிப்பக்கக் காற்று சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். மெல்லிய படலம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்கு வந்துவிடும். 2 டிகிரி மிஞ்சினாலே நல்லது.

அந்த 2 டிகிரிக்குக் கணக்குப் போடுங்கள். சீபெக் மதிப்பு என்றால் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குப் பொருள் தரும் வோல்டேஜ். மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கான பெடாட்-பிஎஸ்எஸ் பாலிமருக்கு அது டிகிரிக்குச் சுமார் 20 மைக்ரோவோல்ட். ஒரு கால், அதாவது சூடான பக்கத்தையும் குளிர்ந்த பக்கத்தையும் இணைக்கும் ஒரு துண்டு, 40 மைக்ரோவோல்ட் தரும். சிறு வோல்டேஜை உயர்த்தித் தரும் எல்டிசி3108 பூஸ்ட் சிப் 1:100 டிரான்ஸ்ஃபார்மரோடு 20 மில்லிவோல்ட்டில் கிளம்பும். அதற்கு 500 கால்கள் தொடராக வேண்டும். கரண்ட் இழுக்கும்போது பாதி வோல்டேஜ் உள்ளேயே விழுவதால் 1000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிகிரிக்கு 200 மைக்ரோவோல்ட் தரும் பிஸ்மத் டெல்லுரைடில் 100 கால்கள் போதும். ஆனால் அது வளைத்தால் உடையும். சிறு துண்டுகளாக ரப்பரில் பதித்து, இணைப்புகளை மட்டும் வளையவிட வேண்டும்.

பாலிமர் படலம் செய்வது எளிது. பெடாட் கரைசலில் கன அளவில் 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைக் கலந்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். டிஎம்எஸ்ஓ இல்லாத படலத்தின் மின்கடத்தும் திறன் சென்டிமீட்டருக்கு 1 சீமென்ஸைத் தாண்டுவதே அரிது. சேர்த்தால் பல நூறு வரும். பாலிஇமைடு என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் தாளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, கரைசல் பரவி ஒட்டுவதற்காக யுவி ஓசோன் கொடுத்த பிறகு ஊற்றுங்கள். இல்லையென்றால் கரைசல் முத்து முத்தாகத் திரளும். 60 டிகிரியில் நிதானமாகக் காயட்டும், பிறகு 130 டிகிரியில் 15 நிமிடம். தாள் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது: அது சூட்டைக் கடத்தும், கரண்ட் தராது.

அளக்கும்போது பலரை ஏமாற்றுவது ஈரம். பாலிமரின் பிஎஸ்எஸ் பகுதி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தில் புரோட்டான்கள் (ஹைட்ரஜன் அயனிகள்) குளிர்முனைக்கு நகர்ந்து சேர, சீபெக் மதிப்பு பல மடங்காகத் தெரியும். இந்த அயனிகள் மின்முனையைத் தாண்டி ஒயருக்குள் போக முடியாது. அதனால் லோடு இணைத்ததும் அந்த வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். உலர்ந்த நைட்ரஜனில் அளந்து, லோடோடு அரை மணி நேரம் விட்டு, நிற்கும் மதிப்பை மட்டும் எழுதுங்கள். ஒரே புள்ளியை நம்பாமல் 1 முதல் 5 டிகிரி வரை அளந்து, டிகிரிக்கு எதிராக வோல்டேஜை வரைந்த கோட்டின் சாய்வை எடுங்கள்.

வளைத்தால் முதலில் விரிசல் விடுவது பெரும்பாலும் இணைப்புக்குப் பூசும் சில்வர் பேஸ்ட்டின் ஓரம். மேலேயும் அதே தடிமன் பாலிஇமைடு ஒட்டினால் படலம், வளையும்போது நீளவோ சுருங்கவோ செய்யாத நடுத்தளத்தில் உட்கார்ந்துகொள்ளும்; இழுவிசை வெகுவாகக் குறையும்.